ராச்சாப்பாட்டுச் சண்டையும் நாலரை மணி நிறுவையும்

சம்பளம், சேமலாப நிதி, காணி, வீடு என்று எழுதப்படும் இந்தப் பக்கத்தில் ராச்சாப்பாட்டைப் பற்றி எழுதுவதா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். தோட்டத் தலைவர்களை விசாரித்துப் பாருங்கள். அவர்களிடம் வரும் புருஷன் பெண்சாதி பிணக்குகளில் குடியால் வருவது போக, அடுப்படியில் தொடங்குவதும் கொஞ்சமல்ல. அதிலும் ஒரே சண்டைதான் லயத்துக்கு லயம் திரும்பத் திரும்ப நடக்கிறது. ராவைக்குச் சோறா, ரொட்டியா?

அவர் சொல்வது இது: "வேலை செஞ்சிட்டு வாற மனுசனுக்குக் காலையிலயும் ரொட்டி, ராவைக்கும் ரொட்டியா? சாப்பாடுன்னா சோறு." அவள் சொல்வது இது: "நான் மட்டும் மலையில சும்மாவா நின்னுட்டு வாறேன்? ரொட்டியும் சாப்பாடுதாங்க. சோறாக்க இப்ப யாரால முடியும்?" இதற்கு மேல் வார்த்தை தடிக்கும். தட்டு பறக்கும் வீடும் உண்டு. அடுத்த நாள் இருவரும் தலைவர் வீட்டு இஸ்தோப்பில் வந்து நிற்பார்கள். தலைவர் நல்லவராக இருந்தால் அவரை நாலு வார்த்தை கண்டித்துவிட்டு, அவளிடம், "சரிம்மா, ஒரு நேரமாவது அவரு கேக்குறத ஆக்கிப் போடு, எதுக்கு வம்பு" என்று முடித்து வைப்பார். பிணக்குத் தீர்ந்தது என்று எல்லாரும் எழுந்து போவார்கள்.

அந்தத் தீர்ப்பு சரியில்லை என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட வேண்டும். அது வெறும் நாக்கு ருசி அல்ல.

நமது மக்களுக்குச் சோறு ஒரு மரியாதை. பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்திலேயே அரிசி கொடுத்து, அந்தக் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1927 ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் சம்பளப் பேச்சோடு அரிசிப் பேச்சும் சேர்ந்தேதான் இருந்தது. மாதம் முழுவதும் உழைத்துவிட்டு அரிசிக் கணக்குக் கழிந்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாத குடும்பங்கள் இருந்தன. பிறகு 1973, 74 பஞ்சம் வந்தது. அரிசி இல்லை, மா இல்லை, பாணுக்கு வரிசை. மரவள்ளியும் கீரையும் அவித்துத் தின்ற காலம் அது. தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள். உயிர் பிழைக்க வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் மூட்டை கட்டிக்கொண்டு போன குடும்பங்கள் எத்தனை! அந்தக் காலத்தைப் பார்த்த கிழவனார் ஒருவர் வீட்டில் இருந்தால், ராத்திரியில் ரொட்டித் தட்டைக் கண்டதும் அவர் முகம் வாடுவதை இன்றும் பார்க்கலாம். "இன்னைக்கும் அரிசி இல்லையா?" என்றுதான் அவருக்குக் கேட்கத் தோன்றும். அந்த வீட்டில் வளர்ந்த மகனும், சோறு வைக்காத வீட்டை வக்கற்ற வீடு என்றே நினைக்கப் பழகியிருக்கிறான்.

ஆகவே சோறு கேட்பவரைத் திமிர் பிடித்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கேட்கும் சோற்றை ஆக்குவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும், அந்த நேரம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் கேட்க வருகிறேன்.

கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தியின் நாளை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை நாலு, நாலரைக்கு எழும்புகிறாள். தேத்தண்ணி வைத்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்படுத்தி, சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு ஏழு மணிப் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிந்தினால் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. மழையோ அட்டையோ, படங்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினால், 18 கிலோ, சில தோட்டங்களில் அதற்கு மேலும் எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். கடைசி நிறுவை நாலரைக்கு என்று சொல்வார்கள். தராசு வந்து, வரிசை நகர்ந்து, கொழுந்தில் தண்ணிக்கு என்று ஒரு கழிவு, கூடைக்கு என்று ஒரு கழிவு, அதில் ஒரு வாக்குவாதம், எல்லாம் முடிய ஐந்தைத் தாண்டும். பிறகு மலையிலிருந்து லயத்துக்கு நடை. வழியில் பிள்ளையைத் தூக்க வேண்டும், கவ்வாத்து மலைப் பக்கம் போனால் ஒரு கட்டு மிலாறு சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தால் பீலியில் தண்ணி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அட்டை கடித்த காலைக் கழுவி, எல்லாருக்கும் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அடுப்படிக்குத் திரும்பும்போது ஆறரை மணி.

இனிமேல்தான் சோறு. ஈர விறகு. ஊதி ஊதிப் புகைந்து பற்றுவதற்கே கால் மணி. உலை கொதிக்க வேண்டும், அரிசி களைந்து போட வேண்டும், வடிக்க வேண்டும். சோறு மட்டும் ஆக்கினால் தீராது. சோற்றுக்கு ஒரு குழம்பு வேண்டும், கூட ஒரு சுண்டல் அல்லது பொரியல் வேண்டும், இல்லையென்றால் "வெறுஞ்சோத்த யாரு திங்கிறது" என்று அடுத்த சண்டை. ரொட்டிக்கு அப்படியில்லை. மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணி. பிசைந்து தட்டித் தகரச் சட்டியில் போட்டால் அரை மணியில் நாலு பேர் பசியாறலாம். கட்டச் சம்பல் ஒன்று போதும். காலையில் மிஞ்சிய பருப்பு இருந்தால் அதுவும் யோகம். ரொட்டி பசி தாங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆகவே சோறு கேட்பது என்பது உண்மையில் சோற்றையும் இரண்டு கறியையும் ஒன்றரை மணி நேரத்தையும் சேர்த்துக் கேட்பது. அந்த ஒன்றரை மணி நேரத்தை அவள் எதிலிருந்து எடுப்பாள்? தூக்கத்திலிருந்து எடுப்பாள், பிள்ளையின் பாடப் புத்தகத்தைப் பார்க்கும் நேரத்திலிருந்து எடுப்பாள். வேறு இடம் இல்லை.

இனி அவரது நாள். இங்கேதான் நாம் சங்கடப்பட்டு வாயை மூடிக்கொள்ளும் விஷயம் இருக்கிறது. பல தோட்டங்களில் ஆண்களின் மலை வேலை கணக்கு வேலை. கவ்வாத்து இத்தனை செடி, முள்ளுக் குத்துவது இத்தனை, கான் வெட்டுவது இத்தனை என்று கொடுப்பார்கள். கடினமான வேலைதான். கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். ஆனாலும் பெரும்பாலும் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்குள் அவர் கணக்கை முடித்துவிட்டு லயத்துக்கு வந்துவிடுகிறார். அவள் வரும்போது மணி ஆறு. இடையில் நான்கு, ஐந்து மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மரக்கறிப் பாத்தி கொத்துகிறவர், மாட்டுக்குப் புல் அறுக்கிறவர், வெளியில் கைக்காசுக்குப் போகிறவர் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களை நான் சொல்லவில்லை. ராத்திரி வேலைக்குப் போகும் பெக்டரி ஆட்களையும், கொழும்பில் கடையில் நின்று மாதம் ஒருமுறை வருகிறவர்களையும் சொல்லவில்லை. சந்திக் கடையிலும் கரம் பலகையிலும் அந்த நேரத்தைக் கழித்துவிட்டு ஏழு மணிக்கு வந்து "சோறெங்கே?" என்று கேட்கிறவரைச் சொல்கிறேன். அவரை நமது வாசகர்கள் எல்லாருக்கும் தெரியும்.

1984 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதற்கு முன் ஒரே மலையில் நின்றாலும் பெண்ணுக்குக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். அது நாம் பெருமையாகப் பேசும் வெற்றி. மே தினத்தில் பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் அந்தச் சம்பளத்துக்காக இருவரும் மலையில் நிற்கும் நேரம் சமமாகவில்லை. வீட்டு வேலையைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. எட்டு மணி நேர வேலை என்று நாம் கோஷம் போடுகிறோம். அவளுடைய நாளுக்கு எத்தனை மணி என்று ஒரு தடவையாவது கூட்டிப் பார்த்தோமா?

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம், அதை விட்டால் பேச்சு முழுமையாகாது. 2021 இல் பெரிய போராட்டத்துக்குப் பிறகு நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. பிறகு 1700 கேட்டோம். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் கிடைத்தது 1350. அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 போனால் 108 ரூபா கழியும், மிச்சம் 1242. அதே ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் போட்ட கட்டுப்பாட்டு விலையிலேயே நாட்டரிசி கிலோ 230 ரூபா. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நேரச் சோற்றுக்கு முக்கால் கிலோ என்று வைத்தாலும் அரிசிக்கு மட்டும் 170 ரூபாவுக்கு மேல். அதோடு பருப்பு, தேங்காய், வெங்காயம், கருவாடு. அதுவும் வேலை கிடைத்த நாளின் கணக்கு. வேலை இல்லாத நாளிலும் வயிறு இருக்கிறது. கடைக் கொப்பியில் கடன் எவ்வளவு நிற்கிறது என்பது பெரும்பாலும் அவளுக்குத்தான் தெரியும், ஏனென்றால் கடைக்காரரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது அவள். ராவைக்கு ரொட்டி என்று அவள் முடிவெடுக்கும்போது அந்தக் கொப்பியும் அதில் இருக்கிறது. 2022 இல் கோதுமை மா கிலோ 300 ரூபாவைத் தாண்டியபோது அந்த ரொட்டிக்கும் வழியில்லாமல் போனது. அப்போது எந்த வீட்டிலும் சோறா ரொட்டியா என்ற சண்டை இருக்கவில்லை.

இன்னொன்று. சோற்றுக்காரரும் சரி, ரொட்டிக்காரியும் சரி, சண்டை பிடிப்பது தட்டின் அடியில் இருப்பதைப் பற்றி. மேலே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மா ரொட்டியும் கட்டச் சம்பலும் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். வெறும் ரசம் ஊற்றிய சோறும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. 2016 ஆம் ஆண்டு எடுத்த நாடளாவிய சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் மட்டும் ஏறக்குறைய 32 பேர். நம்முடைய பிள்ளைகள். ஒரு முட்டை, ஒரு பிடி நெத்தலி, கொஞ்சம் கெட்டியான பருப்பு, பாத்தியில் பிடுங்கிய ஒரு கட்டுக் கீரை, இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் ரொட்டியும் நல்ல சாப்பாடு, சோறும் நல்ல சாப்பாடு. சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று மருத்துவமாது சொல்வதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். நாமே பறித்த தேயிலையாக இருந்தாலும் ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம்.

அந்த முட்டை யார் தட்டில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் அவருக்கு, பிறகு ஆண்பிள்ளைக்கு, பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு. கடைசியில் சட்டியை வழித்துத் தின்பது அவள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குக் கொடுக்கும் திரிபோஷாவும் வீட்டில் எல்லாருக்கும் பிரிந்து போகிறது. இரத்தம் குறைந்து மலையில் தலை சுற்றி விழுந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அனுபவம் இல்லாத தோட்டக் கமிட்டி எது? அன்று மட்டும் எல்லாரும் பதறுகிறோம்.

இளம் குடும்பங்களில் சண்டை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. டவுனில் வேலைக்குப் போய் வந்தவள் பிள்ளைகளுக்கு நூடில்ஸும் முட்டையும் போட்டுக் கொடுத்தால், "இதெல்லாம் பலகாரம், சாப்பாடா?" என்கிறார் கணவர். அவரே சம்பள நாளில் சந்தியில் கொத்து ரொட்டி கட்டிக்கொண்டு வந்தால் அது மட்டும் சாப்பாடு! இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் இந்த இளைஞர்களில் சிலர் சத்தமில்லாமல் அடுப்புப் பற்ற வைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் போகும் தோட்டங்களில் அப்படி நாலைந்து வீடுகளைக் கண்டிருக்கிறேன். கொழும்பில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்தபோது தானே சமைத்துத் தின்றவன் அவன். அவள் நிறுவை முடிந்து வரும்போது சோறு வடித்திருக்கும், ஒரு கறி கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் காம்பராக்காரர் "பொம்பள வேல பாக்குறான்" என்று நக்கலடிப்பார். நக்கலடிப்பவர் வீட்டில் அன்றைக்கும் ரொட்டி, அன்றைக்கும் சண்டை.

தலைவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அடுத்த தடவை இந்தப் பிணக்கு உங்கள் இஸ்தோப்புக்கு வந்தால், முதலில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நேத்து நீ எத்தன மணிக்கு வீட்டுக்கு வந்தாய்?" அவள் எத்தனை மணிக்கு வந்தாள் என்று அதற்குப் பிறகு கேளுங்கள். யார் முதலில் வீட்டுக்கு வருகிறாரோ அவர் அடுப்பை மூட்டி உலை வைக்கட்டும். சோறு வேண்டும் என்பவருக்கு அதைவிட நியாயமான தீர்ப்பு கிடையாது. உலை வைக்கத் தெரியாது என்றால் கற்றுக்கொள்ளட்டும். கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கக் கற்றவருக்கு அகப்பையைப் பிடிப்பது பெரிய வித்தையா?

இதை வீட்டுக்குள் மட்டும் முடித்துவிடவும் முடியாது. கடைசி நிறுவை நாலரை என்றால் நாலரைக்குத் தராசு அங்கே நிற்க வேண்டும். பிந்துகிற ஒவ்வொரு அரை மணி நேரமும் சம்பளமில்லாமல் நிர்வாகம் எடுத்துக்கொள்ளும் நேரம், அது அவளுடைய அடுப்படி நேரம். நிர்வாகத்தோடு நடக்கும் பேச்சுகளில் கிலோவைப் பற்றிப் பேசுகிறோம், கழிவைப் பற்றிப் பேசுகிறோம். நிறுவை முடியும் நேரத்தைப் பற்றி அழுத்திப் பேசுவது குறைவு. லயத்துப் பீலியில் அந்தி நேரத்தில் தண்ணி வருவதும், பிள்ளை மடுவம் அவள் வரும்வரை திறந்திருப்பதும் அப்படித்தான். சம்பளப் பேச்சு போல இவற்றுக்குக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. தோட்டத்துரையோடு பேசியே பலவற்றை முடிக்கலாம்.

கடைசியாக நமது சொந்த வீட்டு விஷயம். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள், சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களிலும் அவர்கள் பெருந்தொகை. தோட்டக் கமிட்டிக் கூட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது? ஆறரைக்கு, ஏழுக்கு. அவள் ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கும் நேரம். "பொம்பளைங்களக் கூப்பிட்டோம், ஒருத்தரும் வரல" என்று அறிக்கையில் எழுதுகிறோம். மாதர் தலைவி பெயருக்கு இருக்கிறார், முடிவுகள் எடுக்கும்போது அவர் அடுப்படியில் இருக்கிறார். நிறுவை பிந்துவதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் கூட்டத்துக்கு வர முடியாமல் இருக்கும்போது, அந்தக் கோரிக்கை எப்படிப் பட்டியலில் ஏறும்?

வரும் மாதக் கூட்டங்களுக்கான திகதிகளை இப்போதுதான் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலோ, பகல் நிறுவை முடிந்து மலையிலேயே ஒரு அரை மணி நேரமோ வைக்கலாம். எந்த நேரம் வசதி என்று முதலில் மாதர் தலைவியிடமும், நிரையில் நிற்கும் பெண்களிடமும் கேட்டுவிட்டுத் திகதி போடுங்கள். நிகழ்ச்சி நிரலில் நாலரை மணி நிறுவையை முதலாவதாகப் போடுங்கள். அந்தக் கூட்டம் வீட்டுச் சமையல் நேரத்தில்தான் வைக்க வேண்டிவந்தால், அன்றைய உலையை வைப்பது யார் என்பதையும் அழைப்போடு சேர்த்து வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்புங்கள்.